வீட்டில் என்ன விசேஷம்?

புறநோயாளர் பிரிவில் எங்கள் முன் அமர்பவரிடம் நாங்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் முன்பே வகுக்கப்பட்டவை. இருமல் எத்தனை நாளாக உள்ளது, இரவில் கூடுகிறதா, சளியின் நிறம் என்ன, மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்கிறாரா என்று வரிசையாகக் கேட்போம். வீட்டில் என்ன விசேஷம் என்ற கேள்வி அந்த வரிசையில் இல்லை. அது உறவினர் கேட்கும் நலம் விசாரிப்பு என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். சென்ற கோடையில் ஓரிக்கையிலிருந்து வந்த ஒரு தந்தை அந்த எண்ணத்தை மாற்றினார். அவருடைய இசைவுடன், குடும்பத்தின் அடையாளங்களைத் தவிர்த்து, அந்நிகழ்ச்சியை இங்கே எழுதுகிறோம். கோடை விடுமுறையில் வீட்டைச் செப்பனிடத் திட்டமிடும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் இது பயன்படும்.

அவர் பட்டு நெசவாளர். தறி வீட்டின் கூடத்திலேயே உள்ளது. மனைவி தார் சுற்றித் தருகிறார். எட்டு வயது மகள், ஐந்து வயது மகன், தாயார் என ஐவர் கொண்ட குடும்பம். மகளுக்கு ஆஸ்துமா. இரண்டாண்டுகளாக ஒழுங்காகத் தடுப்பு மருந்தை இன்ஹேலர் வழியே எடுத்து, பள்ளிக்கு விடுப்பின்றிச் சென்று, ஓட்டப்பந்தயத்திலும் கலந்துகொண்ட பிள்ளை. சித்திரை பிறந்த பின் நான்கே வாரங்களில் மூன்று முறை அவளுக்கு மூச்சிரைப்பு வந்தது.

முதல் முறை வந்தபோது, சளி பிடித்ததா, மருந்து விட்டுப்போனதா, இன்ஹேலரைச் சரியாகப் பிடிக்கிறாளா என்று பார்த்தோம். எல்லாம் சரியாகவே இருந்தன. தடுப்பு மருந்தின் அளவைக் கூட்டி அனுப்பினோம். இரண்டாம் முறை நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு வாக்கியத்தை முழுமையாகச் சொல்ல அவளால் இயலவில்லை; "தண்ணி" என்று ஒரு சொல், பிறகு மூச்சு, பிறகு "வேணும்" என்று இன்னொரு சொல். விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கியது. உயிர்வளியும் நெபுலைசர் மருந்தும் ஊசி மருந்தும் தந்து, விடியும்வரை அருகிலிருந்தோம். மறுநாள் மாலை தேறினாள். அந்த இரவிலும் வீட்டைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அது எங்கள் குறை.

மூன்றாம் முறை, இரைப்பு சற்றே தணிந்த ஒரு காலையில் வந்தார்கள். நாங்கள் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தபோது, அமைதியை நிரப்புவதற்காகத்தான் அவர் வீட்டுச் செய்தியைச் சொல்லத் தொடங்கினார் என்று தோன்றுகிறது. மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறி இரண்டு மாதம் வேலை நின்றதாம். கூடத்தின் சுவரும் ஓதம் ஏறிக் கறுத்துவிட்டதாம். கடன் வாங்கி, பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, குழிக்குச் சிமெண்ட் பூசி, அறைகளுக்கு வண்ணமடித்து, கதவு சன்னல்களைத் தேய்த்துப் புதுப் பெயிண்ட் அடித்து வருகிறார்களாம். பேச்சின் முடிவில் மகளின் தலையைத் தடவிக்கொண்டு, பெருமிதத்தோடு சொன்னார்: "கதவு எல்லாத்தையும் பாப்பாதாங்க உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக் கொடுத்தா. லீவு விட்டதிலிருந்து அவளுக்கு அதுதான் விளையாட்டு."

எழுதுகோலைக் கீழே வைத்தோம். நான்கு வாரமாக நாங்கள் தேடிய விடை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழல்களின் உட்சுவர் எப்போதும் சற்றே வீங்கியும் சினந்தும் இருக்கும் நிலை. தடுப்பு மருந்து அந்தச் சினத்தைத் தணித்து வைக்கிறது, இல்லாமற் செய்துவிடுவதில்லை. தூசு, புகை, நெடி போன்ற தூண்டுதல் பட்டவுடன் குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் மேலும் வீங்குகிறது, சளி சுரக்கிறது. வழி குறுகுவதால் உள்ளே இழுத்த காற்றை வெளியே விடுவது கடினமாகி, 'வீசிங்' என்று நாம் சொல்லும் ஓசை எழுகிறது. செப்பனிடும் வீட்டில் இத்தகைய தூண்டுதல்கள் ஒன்றல்ல, ஒரே நேரத்தில் நான்கைந்து. கொத்திய பூச்சின் தூசு, ஓதச் சுவரில் வளர்ந்திருந்த பூஞ்சையின் நுண்விதைகள், சிமெண்ட் மாவு, கதவைத் தேய்க்கையில் பறக்கும் பழைய பெயிண்டின் பொடி, புதுப் பெயிண்டிலிருந்து ஆவியாகும் கரைப்பான்களின் நெடி. போதாக்குறைக்கு, வேலை முடிந்த அறையில் பெயிண்ட் வாடை போக வேண்டும் என்று சாம்பிராணி போட்டு, கொசுவுக்குச் சுருளும் கொளுத்தி, அந்த அறையிலேயே பிள்ளைகளைப் படுக்க வைத்திருக்கிறார்கள். காற்றோட்டத்திற்குச் சன்னலைத் திறந்தால் கொசு வரும் என்று அதையும் சாத்தியிருந்தார்கள்.

தறி காரணமாக இருக்குமோ என்று அந்தத் தாய் தயக்கத்துடன் கேட்டார். அக்கேள்வியின் பின்னாலிருந்த அச்சம் எங்களுக்குப் புரிந்தது; தறியை எடுக்கச் சொன்னால் வாழ்வுக்கு வழி ஏது? பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் ஆலைகளில் பணிபுரிவோருக்கு ஆஸ்துமா வருவது மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது. பட்டிழையைச் சூழ்ந்துள்ள செரிசின் என்னும் பசைப் புரதமும் அதற்கு ஒரு காரணம். ஆனால் தறிக்கு வரும் பட்டு, பசை நீக்கிச் சாயம் ஏற்றிய பின் வருவது. இப்பிள்ளை பிறந்ததிலிருந்து அதே கூடத்தில் தறியோசை கேட்டு வளர்ந்தவள். கடந்த இரண்டாண்டுகள் நலமாகவே இருந்தாள். மாறியது தறியன்று, சுவரும் கதவும்தான். எனவே தறி இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றோம். அந்தத் தாயின் முகம் தெளிந்தது.

பழைய பெயிண்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எண்ணெய்ப் பெயிண்டில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற பளிச்சிடும் நிறங்களில், ஈயம் மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு. கதவில் ஒட்டியிருக்கும்வரை அதனால் பெரிய தீங்கில்லை. உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்கும்போதுதான் அது பொடியாகிக் காற்றிலும் தரையிலும் பிள்ளைகளின் விரலிடுக்குகளிலும் சேர்கிறது. அங்கிருந்து வாய்க்குச் செல்ல அதிக நேரம் ஆகாது. வளரும் மூளையை ஈயம் பாதிக்கிறது, கற்றல் திறன் குறைகிறது, இரத்தசோகையும் வரலாம். பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நீக்க வேண்டும் என்று அந்நிறுவனம் 2021இல் வழிகாட்டியது. பிள்ளைகள் இருவருக்கும் இரத்தத்தைச் சோதிக்கச் செய்தோம். இருவருக்கும் அந்த அளவுக்குக் கீழேயே இருந்தது. சோதனை முடிவு வரும்வரையான நாட்கள் அந்தத் தந்தைக்கு எப்படிக் கழிந்தன என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இனி, என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம். செப்பனிடாதீர்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஓதம் ஏறிய சுவரும் பூஞ்சையும் ஆஸ்துமாவுக்குப் பகை. அவற்றை நீக்குவது மருந்துக்கு நிகரான நன்மை. அந்தத் தந்தை எடுத்த முடிவு சரியானது. முறையில்தான் திருத்தம் வேண்டும்.

முதலாவது, ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை அடைத்த பிறகே வண்ணம். ஒழுகும் கூரையையோ கசியும் குழாயையோ விட்டுவிட்டு மேலே பெயிண்ட் அடித்தால், அடுத்த ஐப்பசியில் அதே கறுப்பு திரும்பி வரும், பணமும் போகும். பூஞ்சையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டக் கூடாது. ஈரத்துணியால், சோப்பு நீர் கொண்டு துடைக்க வேண்டும். கதவுகளை நீர் தெளித்து, நீர் பட்டாலும் கிழியாத உப்புத்தாளால், ஈரமாகவே தேய்க்கச் சொல்லுங்கள். விழும் பொடியைப் பெருக்காமல் ஈரத்துணியால் வழித்தெடுத்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பெயிண்ட் வாங்கும்போது ஈயம் சேர்க்காதது என்ற குறிப்பு டப்பாவில் உள்ளதா என்று பாருங்கள். சுவருக்கு, நீரில் கரையும் வகைப் பெயிண்டுகளில் நெடி குறைவு. கதவுக்கு அடிக்கும் எண்ணெய்ப் பெயிண்டின் வாடை பல நாள் நீடிக்கும். முகத்தில் துணி கட்டிக்கொண்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். நுண்தூசைத் துணி தடுக்காது. என்95 முகக்கவசம் வேலை செய்யும் பெரியவருக்குப் பயன்படும். சிறு பிள்ளையின் முகத்தில் அது சரியாகப் பொருந்தாது. பிள்ளைக்கு ஒரே பாதுகாப்பு, அந்த இடத்தில் இல்லாதிருப்பது.

இங்கே ஓரிக்கைக்காரர்களுக்கு அவர்கள் ஊர்ப் பெயரையே நினைவூட்டலாம். பல்லவ மன்னன் கணிகண்ணனை நாடு கடத்த, அவன் குருவான திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட, ஆழ்வார் சொற்கேட்டுத் திருவெஃகாவின் பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றார் என்பது தலபுராணம். மன்னன் மனம் வருந்தி அழைக்கும்வரை அவர்கள் தங்கிய ஓரிரவு இருக்கையே ஓரிக்கை ஆயிற்று என்பர். பெருமாளே பாயைச் சுருட்டிக்கொண்டு வேறிடத்தில் தங்கியிருக்க, நாம் பாட்டி வீட்டில் தங்கத் தயங்குவானேன் என்று அந்தத் தந்தையிடம் கேட்டோம். சிரித்துவிட்டார். ஆனால் ஓரிரவு போதாது. பூச்சு கொத்தும் நாட்களும், பெயிண்ட் அடித்து வாடை நன்றாகத் தணியும்வரையான நாட்களும், ஆஸ்துமா உள்ளவர் வேறு வீட்டில் உறங்குவது நல்லது. அதற்கு வழியில்லாதவர்கள் வீட்டை இரண்டாகப் பகுத்து, ஒரு பகுதியை முடித்து உலரவிட்டு, பிறகு மறுபகுதியைத் தொடலாம். சன்னல் திறந்திருக்கட்டும், கொசுவுக்கு வலை கட்டுங்கள், சுருள் வேண்டாம்.

சுண்ணாம்பைப் பற்றித் தனியே எழுத வேண்டியிருக்கிறது. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் பெயிண்டின் நெடி இல்லை, உண்மை. ஆனால் அது கடுமையான காரம். கண்ணில் தெறித்தால் கருவிழியைச் சில நிமிடங்களிலேயே அரித்துவிடும். வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிள்ளைகள் அழுத்தி விளையாடி, அது வெடித்துக் கண்ணில் பீய்ச்சியதால் பார்வை இழந்த நிகழ்ச்சிகள் நம் நாட்டில் பல. அப்படி நேர்ந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இமைகளை விரித்துப் பிடித்து, ஓடும் தூய நீரில் குறைந்தது 15 நிமிடம், இயன்றால் அரைமணி நேரம், கண்ணைக் கழுவுங்கள். இமைக்குள் தங்கிய துகள் இருந்தால் ஈரத்துணி நுனியால் எடுத்துவிடுங்கள். தாய்ப்பால், எண்ணெய், நெய் எதையும் விட வேண்டாம். கழுவிய பிறகு உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். வழியிலும் நீர் ஊற்றிக்கொண்டே போகலாம்.

புதுத் தரையில் படிந்த சிமெண்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் இப்போது பரவியுள்ளது. அதன் ஆவியே மூச்சுக்குழலை எரிக்கும். அத்துடன் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய குளியலறையில் இது நல்ல உடல்நலம் உள்ளவரையும் வீழ்த்திவிடும். இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள், ஒன்றன்பின் ஒன்றாகவும் ஊற்றாதீர்கள்.

அன்று எங்கள் உரையாடல் நீண்டது. வெளியே காத்திருந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். வீட்டில் வேறென்ன மாற்றம் என்று இம்முறை நாங்களே கேட்டோம். குளியலறைக்கு வழவழப்பான டைல்ஸ் போட்டாகிவிட்டது என்றார். உடனே தாயாரைப் பற்றிக் கேட்டோம். எழுபத்து மூன்று வயது. சர்க்கரை நோய் உண்டு. இரவில் இருமுறை சிறுநீர் கழிக்க எழுவார். முதியவருக்கு இடுப்பெலும்பு முறிவது ஒரு விபத்து மட்டுமன்று. படுக்கையில் கிடக்கும் வாரங்களில் நுரையீரலில் சளி கட்டும், கால் நரம்பில் இரத்தம் உறையும், முதுகில் புண் வரும். முன்போல் நடக்க முடியாமற் போனவர்களை நாங்கள் வார்டில் காண்கிறோம். அதற்கு முன் செலவிட வேண்டியது மிகச் சிறிது. ஈரத்திலும் வழுக்காத சொரசொரப்பான டைல்ஸ். அதை மாற்ற இயலாவிடில் அடியில் பிடிப்புள்ள ரப்பர் பாய். சுவரில் ஆழமாகத் திருகி இறுக்கிய கைப்பிடிக் கம்பி. துண்டு போடும் கம்பி உடல் எடையைத் தாங்காது. படுக்கையிலிருந்து கழிவறைவரை இரவு முழுதும் எரியும் சிறு விளக்கு. நிலைப்படியின் விளிம்பில் தரைக்கு மாறான நிறத்தில் ஒரு கோடு. அமர்ந்தால் பாதம் தரையில் முழுமையாகப் படியும் உயரத்தில் கழிவறை இருக்கை. குழித்தறி உள்ள வீட்டில் இன்னொன்றும் உண்டு: வேலை முடிந்ததும் குழியின் மேல் பலகை போட்டு மூடுவது. பாட்டிக்கும் ஐந்து வயதுப் பையனுக்கும் அது ஒன்றே காவல்.

நீர்த் தொட்டியைச் சொல்ல மறந்தோம்; அவர் கிளம்பும்போது அழைத்துச் சொன்னோம். பூச்சுக்கு நீர் விடத் திறந்து வைத்த டிரம்மும் சம்ப்பும் சிறு பிள்ளை தவறி விழுவதற்கான இடம். ஓரடி நீரும் போதும். அதே நீர் டெங்குக் கொசுவும் முட்டையிடும் இடம். முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, மூடி வையுங்கள்.

விடுமுறையில் வேலை செய்ய விடாவிட்டால் அவள் என்னதான் செய்வாள் என்று தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. ஆஸ்துமா உள்ள பிள்ளை ஓடக் கூடாது, குளிக்கக் கூடாது, ஆடக் கூடாது என்ற எண்ணம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது தவறு. நோய் கட்டுக்குள் இருந்தால் ஓடட்டும், சைக்கிள் ஓட்டட்டும், நீந்தக் கற்கட்டும். ஓடினால் இரைக்கும் பிள்ளைக்கு, மருத்துவர் சொல்லியிருந்தால், விளையாடச் செல்லுமுன் நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொள்ளலாம். வாசலில் கொட்டிய மணற்குவியலும் எம்-சாண்ட் குவியலும் மட்டும் வேண்டாம். வெயில் கொளுத்தும் நடுப்பகலில் பல்லாங்குழி, தாயம். பல்லாங்குழிப் பலகையைப் பரணிலிருந்து எடுக்க வேண்டும் என்று அவள் ஆயா சொல்லிக்கொண்டிருந்தாராம். தூசு தட்டி, ஈரத்துணியால் துடைத்துக் கொடுங்கள் என்றோம்.

பெற்றோர் மனத்தில் பதிய வேண்டிய அடையாளங்கள் சில உள்ளன. பிள்ளை ஒரு வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் சொல்ல முடியாமை, விலாவிடுக்கும் தொண்டைக்குழியும் உள்வாங்குதல், உதடு நீலம் பாரித்தல், மயக்கமோ அசாதாரண அமைதியோ, நிவாரண இன்ஹேலர் எடுத்தும் தணியாமை அல்லது தணிந்து விரைவிலேயே திரும்புதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்; 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை பிள்ளையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து, மருத்துவர் எழுதித் தந்த திட்டப்படி நிவாரண மருந்தைத் தொடருங்கள். இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒரு முறை அழுத்தி, ஐந்தாறு மூச்சு இழுக்கச் செய்து, பிறகே அடுத்த அழுத்தல். தடுப்பு இன்ஹேலர் வேறு, நிவாரண இன்ஹேலர் வேறு. எது எது என்று வீட்டிலுள்ள அனைவருக்கும், பாட்டிக்கும், தெரிந்திருக்க வேண்டும். தடுப்பு மருந்துக்குப் பின் வாய் கொப்புளிக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்பு நீரில் அலசி, உட்புறத்தைத் துடைக்காமல் தானே காயவிடுங்கள். துடைத்தால் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பிள்ளையைப் பாலாற்றின் அக்கரையிலுள்ள தாய்வழிப் பாட்டி வீட்டில் மூன்று வாரம் தங்கவைத்தார்கள். அங்கிருந்த நாட்களில் இரைப்பு வரவில்லை. கூட்டிய மருந்தளவை ஆடி மாதத்தில் மீண்டும் குறைத்தோம். சென்ற வாரம் தந்தை வந்தார். வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டோம். குழி உலர்ந்து பாவு பிணைத்தாகிவிட்டதாம். ஒரு புடவை முடிந்து அடுத்தது தறியில் ஓடுகிறதாம். தாயாருக்குக் கைப்பிடிக் கம்பி பிடித்துப்போய், அதில் ஈரப் புடவையை உலர்த்துகிறாராம். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லச் சொன்னோம். பின்கட்டுக் கதவு மட்டும் பாதி தேய்த்தபடியே இன்னும் நிற்கிறது, பாப்பா பள்ளிக்குப் போகும் ஒரு நாளில் நீர் தெளித்து அதை முடித்துவிட வேண்டும் என்றார்.